கல்லறைத் தோட்டத்து வாயில் வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் விக்டோரியா காலக் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில், வாசலிலேயே கூரான கூரையோடு ஒரு சின்ன வீடு நிற்கும். அதைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதி தவறு.

பிணத் திருடர்களைப் பிடிக்கக் கட்டியது என்பதுதான் அடிக்கடி காதில் விழுவது. ஸ்காட்லாந்தின் பழைய தேவாலய வளாகங்களில் அப்படிக் காவல் அறைகள் உண்டு. ஆனால் 1832-இல் உடற்கூறியல் சட்டம் வந்து, மருத்துவப் பள்ளிகளுக்கு முறைப்படி உடல்கள் கிடைத்ததும் அந்தத் திருட்டுத் தொழில் படுத்துவிட்டது. லண்டனின் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டம் திறந்ததே 1833-இல்தான். பயம் மட்டும் உடனே போகவில்லை. உயரமான மதில்களுக்கு அதுவும் ஒரு காரணம். ஊர்ப்புறங்களில் நாம் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் பிந்தியவை, 1850-களின் அடக்கச் சட்டங்களுக்குப் பிறகு உள்ளூர் வாரியங்கள் கட்டியவை.

அப்படியானால் உள்ளே என்னதான் நடந்தது? கணக்கு வழக்கு. தோட்டக்கலை நிபுணர் ஜான் கிளாடியஸ் லவுடன் 1843-இல் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: வாயில் வீட்டில் அலுவலக அறை ஒன்று வேண்டும்; அடக்கப் பதிவேடும் வரைபடப் புத்தகமும் அங்கே இருக்க வேண்டும். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்திருந்தால் எந்தக் குழி எங்கே என்று அந்தப் புத்தகத்தைப் புரட்டியே சொல்லிவிடலாம். மிச்ச அறைகளில் காப்பாளர் குடும்பத்தோடு குடியிருந்தார். அதனால் கூரிய வளைவு ஜன்னலைப் பார்த்ததும் சிற்றாலயம் என்று முடிவுகட்டாதீர்கள். புகைபோக்கியைத் தேடுங்கள், சமையல் நடந்த வீடு இது.

பாணியை வைத்துக் கதை கட்டுவது அடுத்த தவறு. 1840-இல் லண்டனில் திறந்த அப்னி பார்க் கல்லறைத் தோட்டத்தின் எகிப்திய வாயிலைப் பார்த்து மாந்திரீகம், ரகசியச் சங்கம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அது எந்தத் திருச்சபைப் பிரிவுக்கும் சொந்தமில்லாத இடம். கிறிஸ்தவச் சாயல் இல்லாத பாணி அதற்குப் பொருந்தியது. கட்டடக் கலைஞர் வில்லியம் ஹாஸ்கிங், எகிப்தியவியல் அறிந்த ஜோசப் பொனோமியின் உதவியோடு அதை வடிவமைத்தார். இத்தகைய வாயில்களை, கோதிக் (கூரிய வளைவுகள் கொண்ட தேவாலய) பாணியை ஆதரித்த கட்டடக் கலைஞர் பியூஜின் 1843-இல் கேலிச்சித்திரமாகவே வரைந்தார்! கென்சல் கிரீனில் வேறு கதை: வடிவமைப்புப் போட்டியில் வென்றது கோதிக் வரைபடம், கட்டியதோ கிரேக்க பாணியில். நிறுவனத் தலைவர் சர் ஜான் டீன் பாலின் விருப்பம் அது. எந்தப் பாணி என்பதைப் பல நேரம் நிர்வாகக் குழுவின் சண்டைதான் தீர்மானித்தது.

எல்லா இடத்திலும் தனி வீடு இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். லண்டனின் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் டியூடர் (16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய) பாணி நுழைவுக் கட்டடத்தின் இரு பக்கமும் சிற்றாலயங்களே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட வீட்டை வாங்கிக் குடியேறுபவர்கள் செய்யும் தவறு வேறு: சுண்ணாம்புச் சாந்து உதிர்கிறதே என்று இணைப்புகளில் சிமெண்ட் பூசுவது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கும். மென்மையான கல் என்றால் சில குளிர்காலங்களில் முகப்பு செதில் செதிலாகப் பெயர்ந்து வரும், சிமெண்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.