எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: முதல்முறை போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "குளிர் தாங்குமா?" என்றுதான். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. உயரத்துக்குக் கடையில் எதுவும் கிடைக்காது, நாள் கொடுத்தால்தான் உண்டு. ஊரிலிருந்து டிக்கெட் போடும்போதே நாம் கஞ்சத்தனம் காட்டுவதும் அந்த நாளில்தான்.

நேபாளத்தில் நடை தொடங்கும் ஊரான லுக்லாவில் விமானம் இறங்கும்போதே 2,860 மீட்டர். தொட்டபெட்டா உச்சியைவிட அதிகம். மறுநாள் மாலை நாம்சே பஜார், 3,440 மீட்டர். கால் வலி இல்லை, மூச்சும் சரியாக இருக்கிறது, பேக்கரியில் கேக் கிடைக்கிறது. இங்கே எதற்கு இரண்டு ராத்திரி, ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தவர்கள்தான் நாலாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்க வேண்டும். அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு, 4,410 மீட்டரில் இருக்கும் திங்போச்சேயில் இரண்டு இரவு என்று வழக்கமாகத் திட்டம் போடுகிறார்கள். இதை ஓய்வு நாள் என்று சொன்னாலும் போர்த்திக்கொண்டு படுப்பதற்கில்லை. பகலில் இன்னும் நானூறு மீட்டர் ஏறி, ஒரு டீ குடித்து, இறங்கி வந்து தூங்க வேண்டும்.

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் திரும்பும் டிக்கெட்டில்தான் போய் முடியும். லுக்லாவில் மேகம் இறங்கினால் விமானம் கிடையாது. சில நேரம் இரண்டு நாள்கூடக் கிடையாது. சீசனில் பெரும்பாலான விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நடுராத்திரி வண்டி ஏறி, நாலைந்து மணி நேரம் போய், ராமேச்சாப் மந்தலி விமான நிலையத்தில் பிடிக்க வேண்டும். கையில் இரண்டு நாள் உபரியாக இல்லாதவர், போகும்போது இழந்த நாளை ஈடுகட்ட நாம்சேயில் தங்கும் நாளைத்தான் குறைப்பார்.

அடுத்த தவறு, தலைவலியை மறைப்பது. எங்கள் குழுவில் ஒரு நண்பர் லோபுச்சேயில், 4,940 மீட்டரில், தால் பாத்தை, அதாவது பருப்புச் சோற்றை, தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தார். "கேஸ்தான்" என்றார். நாங்களும் சரி என்று சீட்டுக்கட்டை எடுத்தோம். வழிகாட்டி மட்டும் அவரை எழுப்பி, சாப்பாட்டு அறைத் தரைப் பலகை இடுக்கு ஒன்றைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து அதன் மேலேயே நேராக நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் நண்பர் சுவரைப் பிடித்தார். அப்போதே தலைவிளக்கு கட்டி, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு கீழே இருக்கும் பெரிச்சே கிராமத்துக்கு இறக்கினார்கள். தள்ளாட்டம் என்றால் மூளையில் நீர் கோர்க்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் கோர்க்கிறது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் இறங்குவது, அதுவும் காலை வரை காத்திருக்காமல்.

பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் சீசனில் திறந்திருக்கும். பிற்பகலில் உயர நோய் பற்றிப் பேசுவார்கள். திங்போச்சேயில் தங்கும் நாளில் ஒரு மேட்டைத் தாண்டினால் போய்விடலாம். போனால் நல்லது.

டயமாக்ஸ் மாத்திரையை முழு நம்பிக்கையாக வைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு உயரத்துக்குப் பழகுவதை அது வேகப்படுத்தும், அவ்வளவுதான். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் ஊரிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தூக்க மாத்திரையும் ரக்சி என்ற உள்ளூர்ச் சாராயமும் வேண்டாம். மேலே ராத்திரியில் மூச்சு ஏற்கெனவே விட்டுவிட்டுத்தான் வரும்.

சரி, குளிருக்கு வருவோம். இருபதாயிரம் ரூபாய் ஜாக்கெட்டுக்கு உள்ளே பருத்திப் பனியன் போட்டுக்கொண்டு வருகிறவர்களை வழி நெடுகப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு நிழலில் நடுங்குகிறது என்று இருக்கிற எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கால் மணி நேர ஏற்றத்தில் வியர்வை ஊறிவிடும். பருத்தி அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மேட்டில் நின்று போட்டோ எடுக்கும்போது காற்று அடித்தால் முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. உள்ளே கம்பளி அல்லது சிந்தெடிக், இறகு அடைத்த கனத்த டவுன் ஜாக்கெட் பையின் மேல்பக்கம். நின்றவுடன் மாட்ட வேண்டும், குளிர ஆரம்பித்த பிறகு அல்ல. ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணிப்பதும் வேண்டாம். இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் இன்னும் சில்லிடும்.

வழியில் தங்கும் விடுதியான டீ ஹவுஸில் யாக் சாணம் எரியும் அடுப்பு சாப்பாட்டு அறையில் மட்டும்தான். படுக்கும் அறை வெறும் பிளைவுட். அடுப்பு அணைவதற்குள் பாட்டிலில் கொதிநீர் வாங்கி, ஒரு சாக்ஸுக்குள் போட்டு, ஸ்லீப்பிங் பைக்குள் கால்மாட்டில் வையுங்கள். காலையில் அதுவே குடிநீர். போனும் பவர் பேங்கும்கூட உள்ளேதான் தூங்க வேண்டும், மேஜையில் விட்டால் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும். நடக்கும்போது பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும், அப்போதுதான் மூடி அடைபடாது. குழாய் வைத்த தண்ணீர்ப் பை, பேஸ் கேம்ப்புக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பின் காலையில் உதவாது, குழாய்தான் முதலில் உறையும்.

யாக் கூட்டம் வந்தால் மலைச் சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே தள்ளிவிடும்.

கடைசியாக ஒன்று, பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்ப்பிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. அதைப் பார்க்கக் கோரக் ஷெப்புக்கு மேலே இருக்கும் காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும். விடியலைப் பிடிக்க நாலு மணிக்குக் கிளம்புவார்கள், நவம்பரில் அது மைனஸ் 15 வரை போகும் நேரம். படம் எடுக்கக் கையுறையைக் கழற்றுவது அங்கேதான். எனக்கு ஒரு கையுறை காற்றில் போனது, இறங்கும்வரை ஒரு கையை அக்குளில் வைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே மெல்லிய கையுறை ஒன்று இருக்கட்டும். பெரியதை இரண்டு பக்கமும் ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க எல்கேஜி பிள்ளை மாதிரி இருக்கும், பரவாயில்லை.