ஆடித் திருவிழா மேடையிலிருந்து டப்பிங் அறை வரை

வடசென்னையின் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ இருந்துகொண்டு நகைச்சுவை நடிகராக விரும்புகிறவர், தாம் கண்ட ஒரே சம்பவத்தை மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும்; மூன்றும் வேறு வேறு வேலை என்பது அப்போதுதான் புலப்படும். ஷேர் ஆட்டோவையே எடுத்துக்கொள்வோம். மின்ட் பகுதியில் நிற்கும் வண்டியில் மூச்சுவிடவும் இடமில்லை. ஓட்டுநரோ, "இன்னும் ஒராள் குந்தலாம்" என்கிறார்.

முதலில் மேடை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி நடத்துபவர்களிடம், இரண்டு பாடல்களுக்கு நடுவே பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். சால்வையும் சிறிய கவரும்தான் கிடைக்கும். தெருக்கோடியில் நிற்பவருக்கு உங்கள் முகம் தெரியாது என்பதால், நாற்காலி விளிம்பில் பாதி இடுப்பை மட்டும் வைத்து, இல்லாத கம்பியைப் பிடித்துத் தொங்கி, உடம்பாலேயே அந்த நெரிசலைக் காட்ட வேண்டும். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது அடுத்த வரியைச் சொன்னால் வீணாகும். முழுதும் அடங்கிய பிறகு சொன்னால் ஆறிவிடும். அடங்கத் தொடங்கும் அந்த நொடி, கண்ணாடி முன் பழகுவதால் பிடிபடாது. வேடம் சிறிதென்று ஒதுங்கவும் வேண்டாம்: ரயில்வேயில் எழுத்தராக இருந்த நாகேஷ், நாடகமொன்றில் வயிற்றுவலிக்காரராகச் சிறிது நேரமே வந்து கவனம் பெற்றவர்.

மெட்ராஸ் பாஷையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகைச்சுவை நடிகர் லூஸ் மோகன் அதில் பெயர் பெற்றார் என்பதற்காக, வரிக்கு வரி 'இன்னாமே', 'பேஜாரு' என்று தூவாதீர்கள். இங்கே பிறந்த எங்களில் பலர் அப்படிப் பேசுவதில்லை. ஓட்டுநரின் 'குந்தலாம்' ஒன்றே போதும்.

தொலைக்காட்சி இதற்கு நேர்மாறு. சிவகார்த்திகேயனை 'கலக்கப்போவது யாரு' நிகழ்ச்சியும், சந்தானத்தை 'லொள்ளு சபா'வும் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. மேடையில் நான்கு நிமிடம் ஓடிய ஆட்டோவை இங்கே நாற்பது நொடிக்குள் அடக்குங்கள். கேமரா அருகில் இருப்பதால், ஓரத்தில் தொங்குபவரின் விழி மட்டும் ஓட்டுநர் பக்கம் திரும்பினால் போதும். கையெழுத்து கேட்கும் தாளை முழுதாகப் படியுங்கள். நான் படிக்காமல் போட்டேன். ஒளிபரப்பில் முடிவு வரி வெட்டப்பட்டு, என் ஆட்டோ கிளம்பாமலே நின்றது. முறையிட எனக்கு வழியில்லை.

சினிமாவில் வண்டியே உங்களுடையது அன்று. கதாநாயகன் உள்ளே அமர்ந்திருப்பார். உங்களுக்கு ஒரு வரி. எந்தச் சொல்லில் எந்தக் கை கம்பியில் இருந்ததென்று நினைவில் வைத்து, ஐந்தாவது டேக்கிலும் அப்படியே செய்ய வேண்டும். இல்லையேல் படத்தொகுப்பில் அந்த ஷாட் ஒட்டாது. ஒலிப்பதிவு நடக்கும் தளத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள், அதைக் கண்டு கலங்கி வரியை மாற்றாதீர்கள். கால்ஷீட்டையும் (நடிக்க ஒதுக்கும் நாள், நேரம்) பேட்டாவையும் (தினப்படி) முன்பே பேசி முடித்துவிடுங்கள். டப்பிங்கின்போது நிமிர்ந்து நின்று பேசினால் குரல் விசாலமாக ஒலித்து நெரிசல் மறைந்துவிடும். தோளைக் குறுக்கி, ஒரு கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே பேசுங்கள்.