வெளிநாட்டில் இருந்தபடியே லைஃப் சர்டிபிகேட் கொடுப்பது எப்படி?

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மெல்போர்னில் மகன் வீட்டோடு இருக்கிறேன். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் வருடாவருடம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான சான்று, கொடுத்தாக வேண்டும். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். இதற்காக யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை.

2014-ல் இந்தச் சான்றை டிஜிட்டலில் கொடுக்கும் அரசுத் திட்டமான ஜீவன் பிரமாண் வந்தபோது கைரேகைக் கருவி தேவைப்பட்டது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிப் பதியும் வசதி வந்த பிறகு ஆண்ட்ராய்டு போனே போதும். 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' இரண்டு ஆப்களையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆப் முதலில் 'ஆபரேட்டர்' யார் என்று கேட்கும். போனைக் கையாளுபவர் தன் ஆதார் எண்ணைக் கொடுத்து முகம் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய பிள்ளைகள் பலருக்கு ஆதார் இருக்காது. பரவாயில்லை, பென்ஷன்காரரே ஆபரேட்டராகவும் இருக்கலாம். ஓடிபி வர வேண்டும் என்பதால் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.

அப்புறம் பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) எண், பென்ஷன் கணக்கு எண், எந்தத் துறை, எந்த வங்கி என்று கேட்கும். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். வெளிநாட்டிலேயே தங்கிவிட்டவர்கள் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான ரூபாய்) கணக்காக மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது கணக்கு எண்ணும் மாறியிருந்தால் புது எண்ணைத்தான் போட வேண்டும். கணவரின் பென்ஷன் மனைவிக்கு வந்துகொண்டிருந்தால் 'குடும்பப் பென்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து மனைவியின் ஆதாரைக் கொடுங்கள்.

முகம் பதியும் இடத்தில் பொறுமை வேண்டும். என் மனைவியின் சித்திக்கு 82 வயது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், முகம் இருட்டாகவே விழுந்தது. வெளிச்சத்தைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். ஆப் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அவரோ போட்டோவுக்கு நிற்பதுபோலக் கொட்டக்கொட்ட விழித்தார். "சித்தி, மெதுவா கண்ணை மூடித் திறங்க" என்றதும் பதிவாகிவிட்டது.

உடனே சர்டிபிகேட்டுக்கான எண்ணான பிரமாண் ஐடி வரும். அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஒரு எண் தப்பாக இருந்தாலும் வங்கி நிராகரித்துவிடும். சில நாள் கழித்து, ஏற்றுக்கொண்டார்களா என்று ஜீவன் பிரமாண் இணையதளத்தில் பாருங்கள், கிளைக்கும் ஒரு போன் போடுங்கள். நவம்பரில் இங்கே பிற்பகல் மூன்றரை என்றால் ஊரில் காலை பத்து மணி. நவம்பர் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால், நிராகரித்தாலும் திருத்திப் போட நாள் இருக்கும்.

ஓய்வுக்குப் பின் மறுவேலையில் சேர்ந்தவர்களும் மறுமணம் செய்துகொண்டவர்களும் இந்த டிஜிட்டல் வழியில் கொடுக்க முடியாது. அவர்களுக்கும், போனில் முகம் பதியாதவர்களுக்கும் காகித வழி இருக்கிறது. வங்கியிடம் படிவம் வாங்கி, பாஸ்போர்ட், பிபிஓ நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கிக் கூரியரில் அனுப்புங்கள். நடமாட முடியாதவர்கள் டாக்டர் சான்றிதழோடு தூதரகத்துக்குத் தபாலில் விண்ணப்பிக்கலாம்.

சரி, நவம்பர் தாண்டிப்போய்ப் பென்ஷன் நின்றுவிட்டால்? பதற வேண்டாம். எப்போது சர்டிபிகேட் போய்ச் சேருகிறதோ, அப்போது நின்ற மாதங்களின் நிலுவையும் சேர்ந்து கணக்கில் ஏறும்.