லினக்ஸில் சாதனம் தெரிகிறது, ஆனால் ஓடவில்லை: வழக்கமாகச் செய்யும் தவறுகள்

புது வைஃபை கார்டைப் பொருத்தியதும் பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை அதன் பெயரைக் காட்டுகிறது, இணைப்பு மட்டும் வரவில்லை. உடனே கார்டு பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். லினக்ஸின் மையநிரலான கெர்னல் சாதனத்தைக் கண்டறிவது ஒரு கட்டம். சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் அதைப் பிடிப்பது அடுத்தது. சாதனத்துக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் ஏறுவது அதற்கும் அடுத்தது. எங்கே நின்றது என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

கார்டுகளை இணைக்கும் பாதையான பிசிஐ பஸ்ஸில் கெர்னல் ஒவ்வோர் இடமாகப் போய், தயாரிப்பாளரின் 16 பிட் எண்ணைப் படிக்கிறது. இன்டெல் என்றால் ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 8086. எல்லா பிட்டும் 1 ஆக வந்தால் அங்கே சாதனம் இல்லை. இந்த எண்ணைப் பெயராக மாற்றுவது கெர்னலின் வேலையே அல்ல, தனியாக உள்ள ஒரு பெயர்ப்பட்டியல் கோப்பு அதைச் செய்கிறது. ஆகவே பெயருக்குப் பதில் வெறும் எண் வந்தால் டிரைவர் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பட்டியல் பழையதாக இருக்கலாம். எல்எஸ்பிசிஐயை '-கே' சேர்த்து ஓட்டி, 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியைத் தேடுங்கள். 'கெர்னல் மாட்யூல்ஸ்' மட்டும் இருந்தால், ஏற்ற மாட்யூல் (டிரைவர் கோப்பு) உண்டு, அது சாதனத்தைப் பிடிக்கவில்லை.

பிறகு கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை. ஃபர்ம்வேர் வரியில் -2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை. ஆனால் சில டிரைவர்கள் புதிய பதிப்பில் தொடங்கிப் பழையதுவரை தேடும். கடைசியில் ஒன்று ஏறிவிட்டால் முந்தைய -2 வரிகளைப் பொருட்படுத்த வேண்டாம். பல நாள் ஓடிய கணினியில் டிமெசேஜை மட்டும் நம்புவதும் தவறு. அதன் நினைவகம் நிரம்பியதும் பழைய வரிகள் அழியும். பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் '-கே' கட்டளை பூட் (கணினி தொடங்கும்) நேரத்துச் செய்திகளைப் பெரும்பாலும் வைத்திருக்கும்.

யுஎஸ்பியில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்' வரியோடு -71 அல்லது -110 வந்தால் டிரைவரைத் தேடி அலையாதீர்கள். முதலாவது நெறிமுறைப் பிழை, இரண்டாவது நேரம் கடந்தது. சாதனம் தன்னை அறிமுகப்படுத்தும் 18 பைட்டைப் படித்த பிறகுதான் டிரைவர் தேர்வே நடக்கும். கேபிள், ஹப், மின்சாரம், இந்த மூன்றையும் முதலில் மாற்றிப் பாருங்கள்.

எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வட்டுப் பெயர்களை எழுதுவதையும் விடுங்கள். வட்டுகள் கண்டறியப்படும் வரிசை ஒவ்வொரு பூட்டின்போதும் மாறலாம். கோப்பமைப்பின் தனி அடையாள எண்ணான யுயுஐடி அப்படி மாறாது.

ஐ2சி என்ற எளிய பஸ்ஸில் இணைத்த சென்சார் தானாகத் தோன்றும் என்று காத்திருப்பவர்கள் பலர். ஐ2சிடிடெக்ட் கட்டளை ஒரு முகவரியிலிருந்து பதில் வந்ததைக் காட்டும், அங்கிருப்பது எந்தச் சில்லு என்று சொல்லாது. பிசிஐ, யுஎஸ்பி போல அடையாள எண் கேட்கும் பொதுவழி அந்த பஸ்ஸில் கிடையாது. வன்பொருள் விவரங்களைக் கெர்னலுக்குத் தரும் டிவைஸ் ட்ரீயிலோ ஏசிபிஐயிலோ சென்சாரைப் பதிந்தால்தான் பெரும்பாலும் கெர்னல் அதற்கு டிரைவர் தேடும்.