பழைய வீட்டுத் தரையைக் கிண்டும் முன்: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் பிள்ளைகள் ஊர் வீட்டைத் திருத்தக் காசு அனுப்பும்போது, கதை பெரும்பாலும் தரையில்தான் தொடங்கும். “அந்தப் பழைய சீமெந்துத் தரையைக் கிண்டி எறிஞ்சுபோட்டு ரைல்ஸ் பதியுங்கோ அம்மா.” அவர்கள் இருக்கும் நாட்டில் தரைக்கு வேறு வேலை. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பலர் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய்களை ஓடவிடுகிறார்கள். சூடு மண்ணுக்குள் இறங்காமல் இருக்கக் குழாய்க்குக் கீழே தடுப்புப் பலகை போடுகிறார்கள். சூட்டை உள்ளே பிடித்து வைப்பது அங்கே நோக்கம். இங்கே வீட்டுக்குச் சூட்டையும் ஈரத்தையும் வெளியே விடத் தெரிய வேண்டும். எங்கள் பழைய வீடுகளுக்கு அது தெரியும். திருத்த வேலையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதால் வருபவை.

வெயில் காலத்தில் வீட்டைப் பார்த்து எஸ்ரிமேற் போடுவதிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஆடி ஆவணியில் வீட்டைச் சுற்றிப் பார்த்து, மேசனைக் கூப்பிட்டு, திரும்பிப் போவதற்குள் வேலையைத் தொடக்கிவிடுகிறார்கள். அப்போது சுவர் காய்ந்து கிடக்கும். எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைதான். சுண்ணாம்புக்கல் நிலத்தில் நிலத்தடி நீர் அந்த மாதங்களில் விறுவிறென்று ஏறும். கிணற்றை எட்டிப் பார்த்தாலே தெரியும். எந்தச் சுவர் எந்த உயரம் வரை ஈரம் குடிக்கிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கூரை எங்கே ஒழுகுகிறது என்பதையெல்லாம் கார்த்திகையில் சுவரிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். வேலையைத் தையில் தொடங்கலாம். கூரை முதலில், சுவர் அடுத்து, தரை கடைசியில்.

சரி, தரைக்கு வருவோம். ரைல்ஸும் காலுக்குக் குளிர்மையாகத்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. சிக்கல் அடியில் உள்ள ஈரத்தால் வருகிறது. பழைய வீடுகளில் தரைக்கு அடியிலோ அத்திவாரத்துக்கு மேலேயோ ஈரத்தைத் தடுக்கும் படை பொதுவாகக் கிடையாது. மண்ணில் இருந்து ஏறும் ஈரம் தரை முழுக்கப் பரவிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். அந்தத் தரையைக் கிண்டி, பொலித்தீன் விரித்து, கொங்கிறீற் போட்டு, மேலே பளபளப்பான ரைல்ஸ் ஒட்டினால் ஈரம் மேலே வர வழியில்லாமல் சுவர்ப் பக்கம் ஒதுங்கும். அடுத்த மழையில் சுவரின் கீழ்ப்பகுதி பொரும ஆரம்பிக்கும். பெயின்ற் சரியில்லை என்று பெயின்றைத் திட்டுவோம்.

பழைய சிவப்புச் சீமெந்துத் தரை திடமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம். வெடிப்புகளைச் செதுக்கி அடைத்து, பொலிஷ் போட்டுத் தேய்த்தால் போதும். மரத்துண்டால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் உடைத்துத் திருத்தலாம்.

ரைல்ஸ்தான் வேண்டும் என்றால், பழைய தரைக்கு மேலேயே பதிக்கும் முன் மட்டத்தைக் கணக்குப் பாருங்கள். சாந்தோடு சேர்த்துத் தரை ஒன்றரை, இரண்டு அங்குலம் உயரும். நல்ல பழைய கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவரும். அறையை உயர்த்தி விறாந்தையை விட்டால் வயதானவர்கள் தடுக்கி விழ ஒரு சின்னப் படி உருவாகும். விறாந்தையை உயர்த்தும்போது முற்றத்தை நோக்கிய சரிவு தொலைந்தால், சாரல் தண்ணீர் அறைக்குள் வரும். முற்றத்தோரம் வழுவழுப்பான ரைல்ஸ் வேண்டவே வேண்டாம். மழை நாளில் அம்மாவோ அப்பாவோ வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால், அழகான தரையால் யாருக்கு என்ன லாபம்? சொரசொரப்பானதைத் தேடுங்கள். சுவரோரம் கொஞ்சம் இடைவெளி விட மேசனிடம் சொல்லுங்கள். சூட்டில் ரைல்ஸ் விரியும். இடமில்லாவிட்டால் நடுவில் கிளம்பி வெடிக்கும்.

சுவரில் செய்யும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முந்தைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியவை. சந்தேகம் இருந்தால் ஒரு மூலையில் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து மாவாக உதிரும், உள்ளே வெள்ளைக் கட்டிகள் தெரியும். அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். அதன்மேல் கடும் சீமெந்துப் பூச்சும் தண்ணீர் புகாத பெயின்றும் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்பைச் சுமந்துகொண்டு இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சின் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளும். உதிர்ந்ததைக் கொத்திவிட்டு மறுபடியும் சீமெந்து பூசுவோம். ஒவ்வொரு முறையும் மென்மையான கல்லில் ஒரு படையும் அதோடு கழன்று போகும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு; மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றும் இறுகும்வரை பொறுத்துப் பூசினால் சுவர் பிழைக்கும். இதைச் செய்யத் தெரிந்த மேசன்மார் குறைந்துவருகிறார்கள். ஒருவர் கிடைத்தால், அவரோடு ஒரு இளம் பெடியனையும் வேலைக்கு வையுங்கள். கைப்பழக்கம் இல்லாமல் அந்த வேலை வராது.

1990இல் போரால் சனம் இடம்பெயர்ந்த பிறகு பல ஆண்டுகள் கூரையில்லாமல் நின்ற வலிகாமம் வடக்கு வீடுகளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். அந்தச் சுவர்கள் பல மழைகளைக் குடித்தவை. கூரையைப் போட்டுவிட்டு ஒரு வெயில் காலமாவது சும்மா காயவிடுங்கள். சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் மேலாக வெட்டிவிட்டுப் பூசினால், வேர் உள்ளே இருந்து மறுபடியும் தழைக்கும். கல்லைக் கழற்றியாவது வேரை எடுத்துவிட வேண்டும்.

உப்பு நிலத்தில் இருந்து மட்டும் வருவதில்லை. கடற்கரை மணலையும் உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் சாந்தில் கலந்து நாங்களே கொண்டுவந்து சேர்க்கிறோம். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் இது அடிக்கடி நடக்கிறது. சுவர் வெள்ளை பூக்கும், கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடிக்கும். நாக்கில் வைத்து உவர்க்கிற தண்ணீர் சாந்துக்கு ஆகாது. வேலை நடக்கும் நாட்களில் நல்ல தண்ணீர் பவுசரில் வாங்குவது செலவுதான். பிறகு சுவரை உடைப்பதைவிடக் குறைவு.

அப்புறம் முற்றம். நடுவில் திறந்த முற்றமும் சுற்றிவர அறைகளும் உள்ள நாற்சார் வீட்டின் சூடான காற்று மேலேறி வெளியேறுவது அந்தத் திறப்பால்தான். தூசி, காகம், கள்ளன் என்று காரணம் சொல்லி அதைக் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் சீற்றால் மூடுகிறார்கள். வெயில் உள்ளே வரும், வெக்கை வெளியே போகாது. பிறகு ஒவ்வொரு அறைக்கும் ஏசி. பாதுகாப்புக்கு இரும்பு வலை போதும். மூடியே ஆக வேண்டும் என்றால், சுற்றுக்கூரையைவிட இரண்டு மூன்று அடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் போக விடுங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் பக்கத்து யன்னலை அலுமாரி வைத்து மறைப்பதும் இதே வகைப் பிழைதான்.

ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ போடுவதையும் தவிருங்கள். ஓடுகளின் இடுக்கால் காற்று கசியும். சீற்றுக்கு அந்த வசதி இல்லை. அஸ்பெஸ்டஸை அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. கழற்றிய மரத்தை விறகுக்குக் கொடுக்கும் முன்னும் ஒருமுறை பாருங்கள். முதிர்ந்த பனையின் கறுத்த வைரம் இன்று கடையில் வாங்கும் பல மரங்களைவிட உறுதியானது. நுனி உக்கியிருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டு, குறுகிய இடத்தில் பயன்படுத்தலாம்.

கடைசியாக வெளிநிலம். ஒழுங்கைகளைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் வீதி உயர்ந்துகொண்டே போகிறது, வளவு பள்ளமாகிறது. அதைச் சரிக்கட்ட வளவு முழுக்கக் கிரவல் நிரப்பி, சுவர் வரைக்கும் இன்ரர்லொக் கல் பதித்துவிட்டால், வெளிநிலம் வீட்டுத் தரை மட்டத்துக்கு வந்துவிடும். பிறகு உள்ளே என்ன பூசினாலும் சுவர் ஊறும். வெளிநிலம் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்கட்டும். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குக் கல் பதிக்காமல் சல்லி போட்டு விடுங்கள். கூரைத் தண்ணீரைப் பீலி வழியாகச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய், வளவிலேயே ஒரு குழியில் இறக்குங்கள். இந்தக் குடாநாட்டுக் கிணறுகளுக்கு மழையை விட்டால் வேறு ஊற்று கிடையாது. வீதிக்கு ஓடவிட்ட தண்ணீர் உங்கள் கிணற்றுக்குத் திரும்பி வராது.