விண்டோவை மூடினால் விஎம் நிற்காது: விஎஸ் கோட் வழியே கிளவுட் மெஷின்களைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஎஸ் கோட் என்ற எடிட்டரில், தூரத்துக் கம்ப்யூட்டருடன் பாதுகாப்பாக இணைக்கும் ரிமோட்-எஸ்எஸ்ஹெச் எக்ஸ்டென்ஷன் வழியாக ஒரு கிளவுட் மெஷினுக்குள் (விஎம், அதாவது வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கம்ப்யூட்டர்) போய்விட்டால், எடிட்டரின் இடது கீழ் மூலையில் இருக்கும் சின்னப் பட்டையில் அந்த மெஷினின் பெயர் தெரியும். மற்றபடி ஃபோல்டர், டெர்மினல், டீபக்கர் எல்லாம் சொந்த லேப்டாப்பில் இருப்பது போலவேதான். வசதியும் அங்கேதான், வம்பும் அங்கேதான். கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மறதியிலிருந்து வருபவை: இது வேறொருவரின் கட்டடத்தில், மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு, இணையத்தைப் பார்த்துக் கதவு வைத்து ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் என்பதை மறந்துவிடுவது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பில்லில்தான். வேலை முடிந்ததும் விண்டோவை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். மூடினால் அறுந்துபோவது எஸ்எஸ்ஹெச் இணைப்பு மட்டும்; மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் என்ற கிளவுட் வேலைத்தளத்தில் 30 நிமிடம் சும்மா விட்டால் தானாக நின்றுவிடும், நீங்கள் எதையும் மாற்றாதவரை. அமேசானின் கிளவுட்9-லும் அதே 30 நிமிடம்தான் (2024 ஜூலைக்குப் பிறகு அதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதில்லை). அங்கே பழகிய கை, ரிமோட்-எஸ்எஸ்ஹெச்சிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. நடக்காது. அந்த எக்ஸ்டென்ஷனுக்கு உங்கள் கிளவுட் கணக்கைப் பற்றி எதுவுமே தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முகவரியும் ஒரு சாவியும்தான்.

சரி, டெர்மினலிலேயே ஷட்டவுன் கமாண்ட் அடித்துவிட்டால் போதுமா என்றால், எந்த கிளவுட் என்பதைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்டின் அஸூரில் உள்ளேயிருந்து ஷட்டவுன் செய்தால் போர்ட்டலில் (அதன் நிர்வாக இணையதளத்தில்) 'ஸ்டாப்டு' என்று காட்டும், ஆனால் அந்த ஹார்ட்வேர் இன்னும் உங்கள் பெயரில்தான் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும், கம்ப்யூட் கட்டணம் நிற்காது. பக்கத்தில் 'டீஅலோகேட்டட்' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால்தான் மீட்டர் நின்றதாக அர்த்தம். அதைப் போர்ட்டலிலிருந்தோ அஸூரின் எக்ஸ்டென்ஷனிலிருந்தோ செய்ய வேண்டும். இல்லையென்றால் போர்ட்டலில் இருக்கும் ஆட்டோ-ஷட்டவுன் வசதியில் இரவு ஒரு நேரத்தைக் குறித்துவிட்டால், அது டீஅலோகேட்டே செய்துவிடும். அமேசானில் கதை வேறு: உள்ளேயிருந்து ஷட்டவுன் செய்தால் சாதாரணமாக மெஷின் நின்றுவிடும், கம்ப்யூட் கட்டணமும் நின்றுவிடும். ஆனால் மெஷினை உருவாக்கும்போது 'ஷட்டவுன் பிஹேவியர்' என்ற இடத்தில் யாராவது 'டெர்மினேட்' என்று வைத்திருந்தால், அதே கமாண்ட் மெஷினையே அழித்துவிடும், ரூட் டிஸ்க்கும் (மெஷினின் முதன்மை டிஸ்க்) பெரும்பாலும் கூடவே போய்விடும். வேறொருவர் உருவாக்கிக் கொடுத்த மெஷின் என்றால் முதலில் இதைப் பாருங்கள். தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும் டெர்மினேஷன் ப்ரொடெக்‌ஷன் போட்டாயிற்று, கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். உள்ளேயிருந்து அடிக்கும் ஷட்டவுனை அது தடுக்காது.

நிறுத்திய பிறகும் செலவு முழுவதும் போய்விடாது. டிஸ்க்குக்கு மாதம் முழுக்கக் காசு உண்டு. அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, மாதத்துக்கு சுமார் 3.6 டாலர். தானாகக் கிடைத்த முகவரி என்றால் மெஷின் நின்றதும் கைவிட்டுப் போய்விடும், செலவும் போகும். எலாஸ்டிக் ஐபி என்ற நிரந்தர முகவரி வாங்கி வைத்திருந்தால் மெஷின் தூங்கினாலும் அதற்குக் கட்டணம் உண்டு. பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறேனே என்பவர்களுக்கு: அலர்ட் மெயில்தான் அனுப்பும், மெஷினை நிறுத்தாது, அந்த மெயிலும் பெரும்பாலும் காசு போன பிறகுதான் வரும்.

இன்னொன்று, கிளவுட் நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனின் பக்கப்பட்டியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் ஓடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அமேசானின் டூல்கிட் எக்ஸ்டென்ஷன் நீங்கள் காட்டச் சொன்ன ரீஜியன்களை (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதிகளை) மட்டுமே காட்டும். மும்பையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ டுடோரியலைப் பின்பற்றி வர்ஜீனியாவில் உருவாக்கிய மெஷின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

முகவரி விஷயத்துக்கு வருவோம். எலாஸ்டிக் ஐபி இல்லாத மெஷினை நிறுத்தி மறுநாள் எழுப்பினால் ஐபி மாறியிருக்கும், உங்கள் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் பழையதுதான் இருக்கும். விஎஸ் கோட் சுற்றிச் சுற்றிக் கடைசியில் டைம்அவுட் சொல்லும். கான்ஃபிக்கில் மாற்றினால் தீர்ந்தது. ஆனால் சில நேரம் அந்த ஐபி முன்பு வேறொரு மெஷினுக்கு இருந்ததாக உங்கள் லேப்டாப் நினைவில் வைத்திருக்கும், அப்போது ஹோஸ்ட் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும். இந்த இடத்தில் பலர் இணையத்தில் கிடைக்கும் ஒரு வரியை ஒட்டி, ஹோஸ்ட் கீ (மெஷினின் அடையாளச் சாவி) சரிபார்ப்பையே ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். உங்களுக்கும் மெஷினுக்கும் நடுவில் யாராவது புகுந்து உட்கார்ந்திருந்தால் கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியும் அதோடு போயிற்று. கான்ஃபிக்கில் 'ஹோஸ்ட்கீஅலியஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மெஷினுக்கு நிரந்தரமான ஒரு பெயர் கொடுத்துவிட்டால், ஐபி எத்தனை முறை மாறினாலும் அடையாளத்தை அந்தப் பெயரில்தான் சரிபார்க்கும். அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் இதற்கென்றே செய்தது போன்ற அமைப்பு.

வீட்டு பிராட்பேண்டிலும் ஐபி மாறும். அந்த ஐபியை மட்டும் அனுமதித்தால் அடிக்கடி திருத்த வேண்டிவரும் என்று, எஸ்எஸ்ஹெச்சின் வாசலான 22-ஆம் போர்ட்டை 0.0.0.0/0 (எந்த முகவரியும்) என்று உலகத்துக்கே திறந்துவிடுவது அடுத்த பழக்கம். திறந்துவிட்டு லாகின் லாகைப் பாருங்கள், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பாஸ்வேர்ட் லாகினை அணைத்து, சாவியை மட்டும் அனுமதிப்பது குறைந்தபட்சம். அமேசானில் இன்னும் நல்ல வழி, அதன் செஷன் மேனேஜர் சேவை வழியாக எஸ்எஸ்ஹெச்சை அனுப்புவது: உள்ளே வரும் போர்ட் ஒன்றைக்கூடத் திறக்க வேண்டாம், இன்ஸ்டன்ஸ் ஐடியை (மெஷினின் அடையாள எண்ணை) வைத்தே இணைக்கலாம் என்பதால் ஐபி மாறும் தலைவலியும் சேர்ந்தே தீரும். அஸூரில் இதற்கு பாஸ்டியன் உண்டு, ஆனால் அதன் வழக்கமான வகைகளுக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம், ஒரே ஒரு சின்ன மெஷினுக்கு அது கட்டுப்படியாகாது.

22-ஐப் பூட்டியவர்களே 3000-ஐயும் 8888-ஐயும் திறந்து வைத்திருப்பார்கள், பிரவுசரில் ஆப்பைப் பார்க்க வேண்டும், ஜூப்பிட்டர் நோட்புக் வேண்டும் என்று. தேவையே இல்லை. விஎஸ் கோட்டில் போர்ட்ஸ் என்ற பகுதி இருக்கிறது, அங்கே அந்த எண்ணைக் கொடுத்தால் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாகவே உங்கள் லேப்டாப்பின் லோக்கல்ஹோஸ்ட்டில் வந்துவிடும். ஆப்பை 127.0.0.1-இல் (அந்த மெஷினுக்குள் மட்டும் எட்டும் முகவரியில்) மட்டும் ஓடவிடுங்கள். ஆப்புகளைத் தனித்தனிப் பெட்டிகளாக (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்கள் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும்: போர்ட்டை வெளியே எடுத்துக் கொடுக்கும்போது முன்னால் 127.0.0.1 சேர்க்காவிட்டால் டாக்கர் அதை எல்லா முகவரியிலும் திறக்கும், உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் தடுத்து வைத்திருந்தாலும் அதைத் தாண்டிக்கொண்டு போகும்.

நம்பிக்கை இரண்டு பக்கமும் வேண்டும் என்பதை இங்கே யாரும் யோசிப்பதில்லை. மெஷின் கெட்டுப்போனால் பாதிப்பு மெஷினோடு நின்றுவிடாது. ரிமோட்-எஸ்எஸ்ஹெச்சின் அறிமுகக் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள், ஊடுருவப்பட்ட மெஷின் அந்த இணைப்பின் வழியே உங்கள் லேப்டாப்பில் புரோகிராம்களை ஓட்ட முடியும் என்று. ஆகவே பலர் புழங்கும் சர்வரில் போகிறபோக்கில் நுழைய வேண்டாம். கிட் (Git) வேலைக்காக, லேப்டாப்பில் இருக்கும் சாவியை அங்கிருந்தும் பயன்படுத்தவிடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை எல்லா ஹோஸ்டுக்கும் சேர்த்துப் போட்டு வைப்பதும் இதே ரகம், நீங்கள் இணைந்திருக்கும் வரை அங்கே ரூட் (முழு நிர்வாகி) உரிமை உள்ள யாரும் உங்கள் சாவியைப் பயன்படுத்தலாம். கிளவுட் ஆக்சஸ் கீயை மெஷினில் ஒரு கோப்பில் எழுதி வைக்கவும் வேண்டாம், அமேசானில் மெஷினுக்கே ஐஏஎம் ரோல் (மெஷினுக்கான அனுமதி) கொடுத்துவிட்டால் முடிந்தது.

அப்புறம் இந்த இலவச மெஷின் ஆசை. அமேசானின் இலவசச் சலுகையில் பலரும் எடுத்த டி2.மைக்ரோவில் 1 ஜிபி ரேம்தான். விஎஸ் கோட் அங்கே தன் சர்வர் பகுதியை இறக்கி ஓட்டுகிறது, மொழிக்கான எக்ஸ்டென்ஷன்களும் அங்கேதான் ஓடும். குறைந்தது 1 ஜிபி வேண்டும், 2 ஜிபியும் இரண்டு கோரும் இருந்தால் நல்லது என்று விஎஸ் கோட்டின் ஆவணமே சொல்கிறது. அந்த 1 ஜிபியில் டைப்ஸ்கிரிப்ட்டையும் டேட்டாபேஸையும் சேர்த்து ஓட்டினால் மெஷின் மூச்சுத் திணறி எஸ்எஸ்ஹெச்கூட வராமல் போகும், கன்சோலிலிருந்து ரீபூட் செய்வதைத் தவிர வழி இருக்காது. கொஞ்சம் ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) போடுங்கள், வேண்டாத எக்ஸ்டென்ஷன்களை அங்கே நிறுவாதீர்கள். பழைய லினக்ஸ் என்றால் வேறு சிக்கல்: 2025-இல் வந்த 1.99 பதிப்பிலிருந்து விஎஸ் கோட் சர்வருக்கு ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28 வேண்டும், உபுண்டு 18.04, சென்ட்ஓஎஸ் 7, அமேசான் லினக்ஸ் 2 மூன்றிலுமே அது கிடையாது. எடிட்டர் தானாக அப்டேட் ஆன மறுநாள் இணைப்பு வராமல் போனால் நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மணிக்கணக்கில் ஓடும் வேலையை எடிட்டரின் டெர்மினலில் நேராக ஆரம்பிக்காமல் டிமக்ஸுக்குள் (இணைப்பு போனாலும் டெர்மினலை ஓடவைக்கும் கருவி) ஆரம்பியுங்கள், லேப்டாப்பை மூடினாலும் வேலை போகாது.

கடைசியாக, அழிப்பது. அழிப்பதற்கு முன் கமிட் செய்து புஷ் செய்யாதது ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், எடிட்டரில் திறந்திருந்தாலும் கோப்புகள் உங்கள் லேப்டாப்பில் இல்லை. அஸூரில் விஎம்மை மட்டும் அழித்தால் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, பொது ஐபி எல்லாம் தனித்தனியாக மிஞ்சலாம், டிஸ்க்கும் ஐபியும் மாதாமாதம் பில்லில் வந்துகொண்டிருக்கும். சோதனை மெஷின்களுக்கு ஆரம்பத்திலேயே தனி ரிசோர்ஸ் குரூப் (இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் தொகுப்பு) வைத்துக்கொண்டால், வேலை முடிந்ததும் குரூப்பையே அழித்துவிடலாம்.