புதுக் கார் கொட்டேஷன்: பணம் கசியும் இடங்கள்

சென்ற ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தபோது, அலுவலக நண்பரின் தம்பி ஒரு தாளோடு பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, குடும்பத்துக்கே முதல் கார். நான்காக மடித்திருந்த கொட்டேஷனை அவர் மேசையில் விரித்தபோது, அச்சிட்ட கட்டங்களுக்கு அடியில் பேனாவால் எழுதிய மொத்தத் தொகையும், அதைச் சுற்றி இரண்டு முறை அழுத்திப் போட்ட வட்டமும்தான் முதலில் என் கண்ணில் பட்டன. 2012-இல் என் முதல் காருக்குத் தந்த தாளிலும் இதே போன்ற வட்டம் இருந்தது. அந்த வட்டத்துக்குள் இருந்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்காகவும், உறவினர்களுக்காகவும், உடன் வேலை பார்ப்பவர்களுக்காகவும் பெங்களூரின் பல ஷோரூம்களில் இருபது முறையாவது உட்கார்ந்து பேரம் பேசியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள் என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். படித்தவர்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள்கூடத் திரும்பத் திரும்பப் பணத்தை விடும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மொத்தத் தொகையில் பேரம் பேசுவது

ஆன்-ரோடு விலை என்பது எக்ஸ்-ஷோரூம் விலை (மற்றவை எதுவும் சேராத காரின் விலை), சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, ஆக்சசரீஸ் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இவற்றுள் அரசுக்குப் போகும் தொகையில் யாரும் தள்ளுபடி தர முடியாது. ஷோரூம் தன் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் கூடியவை மற்றவைதாம். மொத்தத்தில் பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தால் நாம் மகிழ்ந்துபோகிறோம். அந்தப் பத்தாயிரம் ஏற்கெனவே எந்தக் கட்டத்தில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது என்று பார்ப்பதில்லை.

தம்பியின் தாளில் எக்ஸ்-ஷோரூம் விலை 9,40,000 ரூபாய். கர்நாடகத்தில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 14 சதவீதம். அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ் என்னும் கூடுதல் வரி. கணக்குப் போட்டால் 1,31,600 ரூபாயும் 14,476 ரூபாயும், ஆக 1,46,076 ரூபாய். பதிவுக் கட்டணம் 600, வங்கிக் கடனை ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் குறிக்க 1,500, இன்னும் சில சிறு தொகைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான் வரும். ஆனால் தாளில் ‘ஆர்.டி.ஓ.’ என்ற ஒரே சொல்லுக்கு எதிரே 1,62,000 என்று எழுதியிருந்தது. மிச்சம் எதற்கு என்று கேட்டதற்கு, “ஏஜென்ட் செலவு எல்லாம் இருக்கு அண்ணா” என்று பதில் வந்தது. அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் பணம் கட்டிய ரசீது எங்களுக்கு வேண்டும், அதில் இருக்கும் தொகையை மட்டும் தருகிறோம் என்று சொன்னோம். இரண்டாம் நாள் புதிய தாள் வந்தது.

ஹேண்ட்லிங் சார்ஜ்

காரைக் கொண்டுவந்து கையாண்டதற்கென்று கேட்கும் இந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்திலோ மத்திய மோட்டார் வாகன விதிகளிலோ இப்படி ஒரு கட்டணமே கிடையாது. ‘லாஜிஸ்டிக்ஸ்’, ‘டிப்போ சார்ஜ்’ என்று பெயர் மாறி வந்தாலும் இதேதான்.

காப்பீட்டை ஷோரூம் சொன்ன விலைக்கே எடுப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். தொகையிலும் பெரியது, ஏமாற்றமும் பெரியது. காரணம், இதைக் காரோடு சேர்ந்த ஒரு பாகம் போல நாம் எண்ணிக்கொள்கிறோம்.

கொட்டேஷனில் ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரே இனமாக இருப்பதற்குள் நான்கு வெவ்வேறு சமாசாரங்கள் உண்டு. முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு இதை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். தொகையை அரசு நிர்ணயிக்கிறது. 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையிலான புதிய காருக்கு 2022-இல் அறிவித்த மூன்றாண்டுத் தொகை 10,640 ரூபாய். எந்த நிறுவனத்திடம் போனாலும் இது மாறாது. இரண்டாவது, நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. இதை ஓர் ஆண்டுக்கு எடுத்தால் போதும். இதில் எவ்வளவு தள்ளுபடி தருவது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. விலை வித்தியாசம் முழுவதும் பிறப்பது இங்கேதான். மூன்றாவது, ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது), எஞ்சின் பாதுகாப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் முழுதாகப் போனால் வாங்கிய விலையைத் தருவது) போன்ற கூடுதல் பாதுகாப்புகள். நான்காவது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. அதே அளவுக்கு ஏற்கெனவே தனி விபத்துக் காப்பீடு வைத்திருப்பவர் அதைக் காட்டி இதைத் தவிர்க்கலாம்.

தம்பிக்கு ஷோரூம் கொடுத்தது 48,700 ரூபாய். அதே காப்பீட்டு மதிப்பு (கார் முழுதாகப் போனால் நிறுவனம் தரும் தொகை), அதே ஜீரோ டெப், அதே மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு என்று ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்து நான் வெளியே விசாரித்தபோது 33,900 ரூபாய் வந்தது. காரே மாறவில்லை, பாதுகாப்பும் மாறவில்லை. 14,800 ரூபாய் மட்டும் மாறியது.

வெளியே எடுக்கிறேன் என்றதும் எல்லா ஷோரூமிலும் ஒரே வாக்கியம் வரும்: “வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்.” இதை நம்பித்தான் பெரும்பாலோர் பணிந்துவிடுகிறார்கள். கேஷ்லெஸ், அதாவது பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டுவது, அந்த நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பாலிசியை விற்றவர் யார் என்பதைப் பொறுத்ததன்று. ஆகவே விற்பனையாளரைக் கேட்காமல், நேரே சர்வீஸ் சென்டரில் அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் பாடிஷாப் மேசைக்குப் போய், இந்த நிறுவனத்தின் பாலிசிக்குக் கேஷ்லெஸ் செய்கிறீர்களா என்று கேளுங்கள். தம்பிக்காக நாங்கள் கேட்டபோது, அங்கிருந்தவர் ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருப்பதைக் காட்டினார். நாங்கள் பார்த்து வைத்திருந்த நிறுவனத்தின் பெயர் அதில் நான்காவதாக இருந்தது. பெயர் இல்லாத நிறுவனமாக இருந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். விலை குறைவு என்பதற்காக மட்டும் அப்படி எடுப்பதும் தவறுதான்.

குறிப்பிட்ட நிறுவனத்தின் காப்பீட்டை எடுத்தால்தான் கார் என்று கட்டாயப்படுத்த டீலருக்கு உரிமை இல்லை. வாகன டீலர்கள் வழியாக நடக்கும் காப்பீட்டு விற்பனைக்கெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த வழிகாட்டு நெறிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தேர்வு செய்யும் உரிமை வாடிக்கையாளருடையது என்பது அவற்றின் அடிப்படை. இதை ஒருமுறை அமைதியாகச் சொன்னால் போதும், பேச்சின் தொனி மாறிவிடும்.

இனி என் சொந்த இழப்பைச் சொல்கிறேன். 2012-இல் வாங்கிய காரை 2019-இல் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிய கார் எடுத்தேன். ஏழு ஆண்டுகளில் ஒரு க்ளெய்ம்கூடச் செய்ததில்லை. பழைய பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 50 சதவீதத்தில் நின்றது. அதைப் பற்றிக் கேட்டேன். வேலூர்ப் பக்கத்துத் தமிழர்தான் விற்பனையாளர். ஊர்ப் பேச்சு, குடும்ப விசாரிப்பு எல்லாம் முடிந்திருந்தது. “அது பழைய வண்டியோட போயிடும் அண்ணா” என்றார். நம் ஊர்க்காரர் சொல்கிறார் என்று நம்பி மேலே கேட்காமல் விட்டேன்.

அந்தப் போனஸ் வண்டிக்குச் சொந்தமன்று, உரிமையாளருக்குச் சொந்தம். பழைய காரை விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி, பழைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து போனஸை நிறுத்திவைக்கும் கடிதம் வாங்கிக்கொண்டால், அதை மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் புதிய காரின் பாலிசிக்குப் பயன்படுத்தலாம். சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதி அங்கேயே குறைந்திருக்கும். எனக்கு அந்தப் பிரீமியம் முழுதாகச் சுமார் 18,000 ரூபாய். ஆக, முதல் ஆண்டில் 9,000 போனது. அதோடு நிற்கவும் இல்லை. 50-இல் தொடர வேண்டிய நான் சுழியத்திலிருந்து தொடங்கினேன். அடுத்த ஆண்டுகளில் எனக்குக் கிடைத்தவை 20, 25, 35, 45 சதவீதங்கள். ஒவ்வொன்றிலும் 50-க்குக் குறைந்த அளவு என் கையிலிருந்து போனது. முதல் ஆண்டில் 50, பிறகு 30, 25, 15, 5. கூட்டிப் பார்த்தால் 125 சதவீதம். காரின் மதிப்போடு பிரீமியமும் ஆண்டுதோறும் இறங்கும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஓர் ஆண்டின் சேதக் காப்பீட்டுக்கு நிகரான பணத்தை ஒரு வாக்கியத்தை நம்பிக் கொடுத்திருக்கிறேன். பிரீமியம் கூடினால் ஷோரூமுக்குக் கிடைப்பதும் கூடும் என்பதை நான் அன்று யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணவர் பெயரில் இருந்த காரை விற்றுவிட்டு மனைவி பெயரில் புதிய கார் எடுத்தால் இந்தப் போனஸைப் பயன்படுத்த முடியாது. யார் பெயரில் வாங்குவது என்று முடிவு செய்யும் முன்பே இதையும் கணக்கில் வையுங்கள்.

வெளியே பாலிசி எடுக்க சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வேண்டும். பதிவுக்கு முன் பாலிசி தயாராக இருக்க வேண்டும் என்பதால், சில ஷோரூம்கள் இந்த எண்களைக் கடைசி நாள் வரை தராமல் இழுத்து, வேறு வழியில்லாத நிலைக்குத் தள்ளும். ஆகவே புக்கிங் பணம் கட்டும் முன்பே, காப்பீட்டை நானே எடுத்துக்கொள்வேன், கார் ஒதுக்கியதும் எண்களைத் தர வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிப் பதில் வாங்குங்கள். வெளியே எடுத்தால் இந்த டிஸ்கவுண்ட் கிடையாது என்று சொன்னால், இரண்டு வகையிலும் மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லி ஒப்பிடுங்கள். ஷோரூமே வெளி விலைக்கு இறங்கி வந்தால் அங்கேயே எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. தம்பிக்கு அப்படித்தான் ஆனது: 35,200-க்கு இறங்கினார்கள், அலைச்சல் மிச்சம் என்று ஒப்புக்கொண்டோம்.

‘எசென்ஷியல் கிட்’

மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர், டோர் வைசர், கார் கவர் எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி, கட்டாயம் என்பதுபோல் வைப்பார்கள். ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்று என்று நிபந்தனை போடுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ‘கட்டுப்பாட்டு வணிக முறை’, அதாவது நுகர்வோர் புகார் செய்யக்கூடியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மிதியடியும் கவரும் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை போனால் அங்கேயே பொருத்தியும் தருவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஒயரை வெட்டிப் பொருத்த வேண்டிய எதையும் வெளியே செய்யாதீர்கள். பிறகு மின்சாரக் கோளாறு வந்தால் வாரண்டி மறுக்க அது காரணமாகிவிடும். ஹார்ன், கேமரா, ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு ஷோரூமின் கூடுதல் விலை நியாயமானதே. அடுத்தது சீட் கவர். முன் இருக்கையின் வெளிப்பக்க விளிம்பில், கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில், ‘ஏர்பேக்’ என்று ஒரு சிறிய துணிச் சீட்டு தைத்திருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதை இறுக்கி மூடும் கவரை எந்தக் கடையிலும் வாங்காதீர்கள், ஷோரூமில் இலவசமாகக் கொடுத்தாலும்.

அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான்

காரின் அடிப்பாகத்துக்கும் வெளிப் பெயிண்டுக்கும் அடிக்கும் இந்தப் பூச்சுகள் தேவையில்லை. தொழிற்சாலையிலேயே துருத்தடுப்புப் பூச்சோடுதான் கார் வருகிறது. பெங்களூரில் கடற்காற்றும் இல்லை. அவசரமாக அடிக்கும் பூச்சு, அடியில் நீர் வடியும் துளைகளை அடைத்துவிடவும் கூடும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி

நல்லதுதான், ஆனால் அன்றைக்கே எடுக்க வேண்டும் என்பதில்லை. பொதுவாக, முதல் வாரண்டி முடிவதற்குள் எடுக்கலாம்.

டி.சி.எஸ்.

10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதத்தை விற்பவரே வருமான வரியாக நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டுவார். இது செலவன்று, பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கூடுதல் செலவுகளைக் கடனுக்குள் ஏற்றுவது

“மாசத்துக்கு ஆயிரம் ரூபாதான் சார் கூடும்” என்பது இந்த வியாபாரத்தின் மிகத் திறமையான பேச்சு. ஆக்சசரீஸ், கோட்டிங், வாரண்டி எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் என்று வையுங்கள். 9.5 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனில் ஏற்றினால் மாதத் தவணை சுமார் 981 ரூபாய்தான் கூடும். 84 மாதங்களில் கட்டுவது 82,000 ரூபாய்க்கு மேல். அந்த சீட் கவர் மூன்றாம் ஆண்டிலேயே கிழிந்திருக்கும். கடனைக் காருக்கு மட்டும் வாங்குங்கள். மற்றவற்றைக் கையிலிருக்கும் பணத்தில், கையில் பணம் இருக்கும்போது வாங்குங்கள்.

நல்ல நாளுக்கு முந்தைய மாலை

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வண்டி எடுப்பதில்லை. ஆயுத பூஜை, விஜயதசமி என்றால் ஷோரூமில் நிற்க இடமிருக்காது. இது விற்பனையாளருக்கும் நன்றாகத் தெரியும். பூஜைக்கு முந்தைய மாலை, அம்மா ஊரிலிருந்து வந்து எலுமிச்சம் பழமும் மாலையும் வாங்கி வைத்திருக்கும் நேரத்தில், “ஃபாஸ்டேக், நம்பர் பிளேட், இன்னும் கொஞ்சம் பேலன்ஸ் இருக்கு” என்று ஓர் அழைப்பு வரும். யாருக்கும் அப்போது வாதாட மனம் வராது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டியோடு வரவேண்டியது. அதன் விலை காரின் விலைக்குள்ளேயே அடக்கம். ஃபாஸ்டேக்குக்குச் சில நூறு ரூபாய்தான், அதிலும் ஒரு பகுதி திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகை.

தம்பிக்கும் அந்த அழைப்பு வந்தது, 6,400 ரூபாய்க்கு. மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட தாளை அப்படியே திருப்பி அனுப்பி, இதில் இல்லாத எதற்கும் பில் எண்ணோடு எழுதித் தாருங்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஃபாஸ்டேக்குக்கான 500 ரூபாயைத் தவிர மற்றதெல்லாம் விலகிவிட்டது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு, அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வாசலில் அவருடைய அம்மா சக்கரத்தடியில் எலுமிச்சம் பழம் வைத்தார்.